மொட்டை மாடியில் பிறந்த விமானம்: நம்பர் வாங்க 6 வருஷம்!

எறையூர்:

எறையூர் சர்க்கரை ஆலை வாசலில் அரவைக் காலத்தில் போய் நின்றால் டிராக்டர்களை எண்ணி மாளாது. கரும்பு ஏற்றிய டிரெய்லர்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் காத்துக் கிடக்கும். பெரம்பலூர் மாவட்ட வண்டி என்றால் டி.என்.46. அரியலூர்ப் பக்கத்து வண்டி என்றால் டி.என்.61. வண்டி வாங்கினால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகணும், ஆர்.சி. புக் வாங்கணும், லாரி என்றால் எப்.சி.க்குக் காட்டணும் என்பது டீக்கடையில் கிளாஸ் கழுவும் பையனுக்குக்கூடத் தெரியும்.

அதே எறையூரில் ஒருத்தர் தன் வீட்டுக் கொட்டகையில் ஒரு விமானம் கட்டினால்? அதற்கு நம்பர் யார் கொடுப்பார்? எந்த வாசலில் போய் நிற்கணும்?

சிரிக்க வேண்டாம். எறையூரில் யாரும் கட்டவில்லை. ஆனால் பம்பாய் என்று நாம் சொல்லிப் பழகிய மும்பையில் ஒருவர் கட்டியே விட்டார். அதுவும் வீட்டு மொட்டை மாடியில்! கட்டிய கஷ்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்கு நம்பர் வாங்க அவர் பட்ட பாடுதான் பெரிய கதை.

மாடிப்படியில் ஏறிய எஞ்சின்

அவர் பெயர் அமோல் யாதவ். ஜெட் ஏர்வேஸ் கம்பெனி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அதில் விமானியாக இருந்தவர். அமெரிக்காவுக்குப் போய் விமானம் ஓட்டக் கற்றவர். அங்கே சாதாரண ஜனங்கள் தங்கள் வீட்டு கார் ஷெட்டில் விமானம் கட்டுவதைப் பார்த்திருக்கிறார். "அங்கே முடிந்தால் இங்கே ஏன் முடியாது?" என்ற எண்ணம் மண்டையில் ஏறிவிட்டது. முன்னே இரண்டு தடவை முயன்று தோற்றவர், விடவில்லை.

மும்பை காந்திவலியில் சார்கோப் என்ற பகுதி. அங்கே அவருடைய கூட்டுக் குடும்பம் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடம். கட்டடத்துக்கு லிப்ட் கிடையாது. 2009-ம் வருஷ வாக்கில் மொட்டை மாடியில் மூன்றாவது விமானத்தைத் தொடங்கினார். லேத் மிஷின், வெல்டிங் மிஷின், கம்ப்ரஷர் எல்லாம் குறுகிய மாடிப்படி வழியாக மேலே போனது. கிட்டத்தட்ட இரண்டு மூட்டை நெல் எடை உள்ள எஞ்சினும் அதே படியில்தான் ஏறியது. மழைக்காலத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்து வேலை பார்த்தார்கள்.

ஆறு பேர் உட்காரும் விமானம். ஒற்றை எஞ்சின், மூக்கில் விசிறி. வரைபடமும் அவருடையதே. செலவு கோடிக்கணக்கில் போனது. குடும்பத்தின் சொத்தும் நகையும் இதில் கரைந்ததாக அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது. வீட்டுப் பெண்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்!

2016 பிப்ரவரியில் மும்பையில் "மேக் இன் இந்தியா" கண்காட்சி நடந்தது. மாடியில் இருந்த விமானத்தைக் கழற்றி, கிரேன் வைத்துக் கீழே இறக்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கே மறுபடி பூட்டி நிறுத்தினார்கள். ஜனம் முண்டியடித்தது. போட்டோவுக்கு அடிதடி. ஒரே நாளில் யாதவ் நாடு அறிந்த ஆள் ஆகிவிட்டார்.

ஆனால் அந்த விமானத்துக்கு அன்றைக்கு நம்பர் இல்லை! தரையை விட்டு ஒரு சாண் எழும்பினாலும் சட்ட விரோதம்.

2011-ல் போட்ட மனு

நம்பர் கேட்டு யாதவ் மனுப் போட்டது 2011-ம் வருஷம். போன இடம், டி.ஜி.சி.ஏ. என்று சொல்லப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். டெல்லியில் சப்தர்ஜங் விமான நிலையத்துக்கு எதிரே இருக்கிறது அந்த ஆபீஸ். இந்தியாவில் எந்த விமானத்துக்கும் ஆர்.டி.ஓ. அதுதான். ஏர் இந்தியாவின் ராட்சத விமானம் ஆனாலும் சரி, மொட்டை மாடி விமானம் ஆனாலும் சரி, வாசல் ஒன்றுதான்.

பைல் நகரவில்லை. நடுவில் விதியே மாறிவிட்டது, தனி ஆள் கட்டும் விமானத்துக்கு இருந்த வழியை அடைத்துவிட்டார்கள் என்பது யாதவ் தரப்பின் புகார். கம்பெனி கட்டும் விமானத்துக்கு வழி இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வாங்கி வரும் விமானத்துக்கு வழி இருக்கிறது. ஒருத்தர் தன் கையால் கட்டினதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று ஆபீசில் முழித்தார்கள்.

கடைசியில் மகாராஷ்டிரா முதல்வர் தேவேந்திர பட்னாவிஸ் தலையிட்டார். பிரதமர் வரை விஷயம் போனது. 2017 நவம்பரில் ரிஜிஸ்திரேஷன் கிடைத்தது. மனுப் போட்டு 6 வருஷம்! சான்றிதழை முதல்வரே யாதவ் கையில் கொடுத்தார். நம்பர்: வி.டி. - என்.எம்.டி. நரேந்திர மோடி பெயரின் இரண்டு எழுத்து, தேவேந்திர பட்னாவிஸ் பெயரின் முதல் எழுத்து. நன்றி சொல்ல யாதவ் கண்டுபிடித்த வழி.

முதல்வரும் பிரதமரும் தலையிட்டுத்தான் ஒரு நம்பர் கிடைக்கும் என்றால், தலையிட ஆள் இல்லாதவன் கதி என்ன? அந்தக் கேள்விக்கு டெல்லியில் இன்னும் சரியான பதில் வரவில்லை என்றே சொல்லவேண்டும்.

வி.டி. வந்த விதம்

இந்திய விமானம் எதைப் பார்த்தாலும் வாலுக்குப் பக்கத்தில் வி.டி. என்று தொடங்கும். 1920-களின் கடைசியில் ஒவ்வொரு தேசத்துக்கும் வானொலி அடையாள எழுத்து பிரித்துக் கொடுத்தபோது வெள்ளைக்காரன் ஆண்ட இந்தியாவுக்கு விழுந்த எழுத்து அது. அதற்கு முன்னால் இங்கிலாந்தின் "ஜி" எழுத்தே இங்கேயும் ஓடியது. வி.டி. என்றால் வைசிராயின் ஆட்சிப் பகுதி என்று ஒரு பேச்சு உண்டு. அவமானம், மாற்றுங்கள் என்று பார்லிமெண்டிலேயே குரல் கேட்டிருக்கிறது. எழுத்து மாறவில்லை. 1932 அக்டோபர் 15-ந் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த குட்டி விமானத்தின் நம்பர் வி.டி. - ஏ.டி.என். அங்கிருந்து அதே தபாலை நெவில் வின்சென்ட் என்ற விமானி நம் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

நம்பரே இல்லாத காலமும் ஒன்று இருந்தது. அதற்குச் சாட்சியும் சென்னைதான்.

மவுண்ட் ரோட்டில் ஓட்டல் வைத்திருந்தவர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். கார்சிகா தீவுக்காரர். 1909 ஜூலையில் பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் தாண்டிய செய்தி உலகமெல்லாம் பரவியது. ஓட்டல்காரருக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. தானே ஒரு விமானத்துக்கு வரைபடம் போட்டார். கோச்சு வண்டி கட்டுவதில் பெயர் எடுத்திருந்த சிம்ப்சன் கம்பெனியில் கொடுத்துக் கட்டச் சொன்னார். பல்லாவரத்தில் வெள்ளோட்டம் பார்த்தார். 1910 மார்ச்சில் தீவுத்திடலில் டிக்கெட் போட்டு ஜனங்களுக்குப் பறந்து காட்டினார்!

யாரிடம் அனுமதி கேட்டார்? கேட்கவேண்டிய சட்டமே அப்போது இல்லை. அடுத்த வருஷம், 1911-ல், வெள்ளைக்கார சர்க்கார் விமானத்துக்கென்று முதல் சட்டம் கொண்டுவந்தது. பிறகு 1934-ல் விமானச் சட்டம். 1937-ல் விதிகள். அந்த விதிகளுக்குள்தான் யாதவின் மனு அலைந்து திரிந்தது. 2025 ஜனவரி 1-ந் தேதி முதல் 1934 சட்டம் போய் "பாரதிய வாயுயான் அதினியம்" என்ற புதுச் சட்டம் வந்திருக்கிறது.

ஆர்.சி. வேறே, எப்.சி. வேறே

இதில் பலருக்கும் ஒரு குழப்பம். நம்பர் கிடைத்தால் பறக்கலாம் என்று நினைக்கிறார்கள். கிடையாது.

லாரி முதலாளிக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஆர்.சி. புக் என்பது வண்டி யாருடையது என்று சொல்லும் காகிதம். ரோட்டில் ஓடத் தகுதி உண்டா என்று சொல்வது எப்.சி. விமானத்துக்கும் அப்படியே இரண்டு காகிதம். ஒன்று, ரிஜிஸ்திரேஷன். மற்றது, பறக்கத் தகுதி உண்டு என்ற சான்று அல்லது சோதனைக்குப் பறக்க அனுமதி. ஓட்டுகிறவர் லைசென்ஸ் மூன்றாவது. யாதவுக்கு 2017-ல் கிடைத்தது முதல் காகிதம் மட்டும். மற்றதுக்கு அவர் மறுபடி காத்திருந்தார். 2018 போனது. 2019-ம் பெரும்பகுதி போனது.

மணிமுத்தாறில் பறந்த ஊமை மனிதன் விமானம்

காகிதத்தை நம்பி உட்காராமல் கட்டியவரும் உண்டு. அவர் கேரளாக்காரர். ஆனால் அவருடைய விமானம் பறந்தது நம் திருநெல்வேலி மண்ணில்!

இடுக்கி மாவட்டம் தொடுபுழா பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர் சஜி தாமஸ். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சு வராது. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. சின்ன வயதில் ரப்பர் தோட்டத்துக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைப் பார்த்து மயங்கியவர். அதை ஓட்டி வந்தவர்களோடு சைகையிலேயே சிநேகம் பிடித்துக்கொண்டார். டி.வி., ரேடியோ ரிப்பேர், போட்டோ எடுக்கும் வேலை என்று சம்பாதித்த காசையெல்லாம் இதில் போட்டார். முதலில் கட்டியதை ஒரு கல்லூரிக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவது ஒன்று கட்டினார். இரண்டு பேர் உட்காரும் லேசான விமானம். செலவு சுமார் 14 லட்சம் ரூபாய்.

கட்டியாகிவிட்டது, பறக்கவிட இடம்? ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி எஸ்.கே.ஜே. நாயர் கை கொடுத்தார். அம்பாசமுத்திரம் பக்கம் மணிமுத்தாறில் இருந்த ஓடுதளத்துக்கு விமானத்தைக் கொண்டுவந்தார்கள். 2014-ல் நாயரே அதில் ஏறி உட்கார்ந்து ஓட்டினார். விமானம் பறந்தது. கீழே நின்ற சஜிக்கு எஞ்சின் சத்தம் கேட்டிருக்காது, கண்ணால்தான் பார்த்திருக்கவேண்டும்.

பெயர், பரிசு எல்லாம் வந்தது. மலையாளத்தில் இவர் கதையை ஒட்டி ஒரு சினிமாப் படமும் 2017-ல் வெளியானது. சினிமாவில் பறப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை!

சஜி செய்த ஒரு புத்திசாலித்தனத்தைக் கவனிக்கணும். தான் கட்டியதைத் தானே முதலில் ஓட்டிப் பார்க்கவில்லை. அனுபவசாலி ஒருவரை அழைத்து, அவர் பார்த்துத் தலையாட்டிய பிறகே மேலே ஏற்றினார். அதைச் செய்யாத ஒரு பையன் கதை அடுத்து வருகிறது.

யவத்மாலில் துடிதுடித்து இறந்த வாலிபர்

மகாராஷ்டிராவில் யவத்மால் மாவட்டத்தில் ஒரு கிராமம். அங்கே இருபது வயதுகளில் ஒரு வெல்டிங் தொழிலாளி. படிப்பு எட்டாம் வகுப்பு. வீடியோ பார்த்துப் பார்த்தே ஹெலிகாப்டர் கட்டினார். கார் எஞ்சின், பட்டறை இரும்பு. இரண்டு வருஷத்துக்கு மேல் உழைப்பு. ஊரே அவரை ஹெலிகாப்டர் என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டது.

2021 ஆகஸ்ட். சுதந்திர தினத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி எஞ்சினைப் போட்டுச் சோதித்தார். தரையில் நின்றபடியேதான். வேகம் ஏறியபோது வால் விசிறி உடைந்தது. உடைந்த துண்டு மேல் விசிறியில் மோதியது. மேல் விசிறி முறிந்து உட்கார்ந்திருந்தவர் கழுத்தில் பாய்ந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினார்கள். உயிர் போய்விட்டது.

எறையூரிலும் பெரம்பலூரிலும் லேத் பட்டறையில் இப்படிப்பட்ட கைத்திறமை உள்ள பையன்கள் எத்தனையோ பேர். திறமையில் அந்த வாலிபருக்குக் குறை இல்லை. "நிறுத்துப்பா, இந்த விசிறி இந்த வேகம் தாங்காது" என்று சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இல்லை. அவர் கையில் யாரும் பரிசோதித்த வரைபடமும் இல்லை.

சில நூறு டாலரில் வரைபடம்

வரைபடம் விலைக்குக் கிடைக்கும் சரக்குத்தான். மேல்நாட்டில் ரொம்ப வருஷமாக விற்கிறார்கள்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்துக் கிராமவாசி பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர் 1929-ல் மரமும் துணியும் வைத்து ஒரு விமானம் கட்டினார். எஞ்சின், ஃபோர்டு கார் எஞ்சின். அதன் வரைபடம் 1932-ல் ஒரு பத்திரிகை மலரில் வந்தது. இன்றைக்கும் அதே வரைபடத்தை வைத்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எளிய மரவேலை விமானத்தின் வரைபடம் சில நூறு டாலருக்குக் கிடைத்துவிடும்.

வரைபடம் என்றால் வீட்டு பிளான் மாதிரி ஒரே தாள் என்று நினைக்கவேண்டாம். தாள் தாளாக வரும். எந்த மரம், எந்த அலுமினியத் தகடு, எத்தனை ரிவெட்டு, எந்த போல்ட் என்று எல்லாம் அதில் இருக்கும். பல வடிவமைப்பாளர்கள் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு வரிசை எண் போட்டு விற்பார்கள். ஒரு நம்பருக்கு ஒரு விமானம்தான் கட்டலாம். பழைய பேப்பர் கடையில் கிடைத்தது, சிநேகிதன் ஜெராக்ஸ் கொடுத்தான் என்று கட்ட ஆரம்பித்தால் இரண்டு வகையில் மாட்டிக்கொள்வோம். ஒன்று, கட்டும் உரிமை நம்மிடம் இருக்காது. மற்றது உயிர் சமாச்சாரம். விற்ற பிறகு எங்காவது ஒரு விமானத்தில் கோளாறு தெரிந்தால் "இந்த இடத்தை மாற்றிக் கட்டு" என்று வரைந்தவர் தகவல் அனுப்புவார். அது நம்பர் உள்ளவருக்குத்தான் போகும். ஜெராக்ஸ்காரருக்குப் போகாது.

வரைபடமே தப்பாக இருந்த கதையும் உண்டு. 1934-ல் ஆன்ரி மின்யே என்ற பிரெஞ்சுக்காரர் "வானத்துத் தெள்ளுப்பூச்சி" என்று செல்லப் பெயர் வைத்து ஒரு குட்டி விமானத்தைப் பற்றிப் புத்தகம் போட்டார். ஆணி அடிக்கத் தெரிந்த எவனும் கட்டலாம் என்பது அவர் பேச்சு. பிரான்சிலும் இங்கிலாந்திலும் ஜனம் பைத்தியமாகிக் கட்டித் தள்ளியது. பிறகு ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தது. தலைகுப்புறப் பாய்ந்தது, நிமிர்த்தவே முடியவில்லை. சாவு மேல் சாவு. கடைசியில் ராட்சத விசிறி வைத்த கூண்டுக்குள் முழு விமானத்தையே நிறுத்திக் காற்றடித்துப் பார்த்தார்கள். முன் இறக்கையும் பின் இறக்கையும் நெருக்கமாக இருந்ததுதான் கோளாறு என்று தெரிந்தது. அதற்குள் போன உயிர் போனதுதான்.

பாடகர் உயிரைக் குடித்த வால்வு

வரைபடம் சரி, கட்டியவர் அதை மாற்றினார் என்றால் என்ன ஆகும்? அதற்கு அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் கதைதான் சாட்சி.

பர்ட் ரூட்டன் என்ற மேதை வரைந்த விமானம் "லாங் ஈசி". வரைபடமாகவே விற்றவர், 1985-ல் விற்பனையை நிறுத்திக்கொண்டார். அதை வைத்து ஒருவர் கட்டிய விமானத்தை 1997-ல் டென்வர் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். பேன்சி நம்பர் வேறு: கடைசி இரண்டு எழுத்து ஜே.டி. அவருடைய பெயர் எழுத்தேதான்.

இரண்டு பெட்ரோல் டாங்கி. ஒன்று தீர்ந்தால் மற்றதுக்குத் திருப்ப ஒரு வால்வு. வரைபடப்படி அது ஓட்டுகிறவர் காலுக்கு நடுவே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கணும். கட்டியவர், ஆள் உட்காரும் இடத்துக்குள் பெட்ரோல் குழாய் வரக்கூடாது, தீப்பிடித்தால் ஆபத்து என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான். வால்வை ஓட்டுகிறவரின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். திருப்பணும் என்றால் உடம்பையே வளைத்துத் திரும்பணும்.

1997 அக்டோபர் 12. கலிபோர்னியாவில் மான்ட்ரே வளைகுடா. கிளம்பும் முன்னே இந்த வால்வைப் பற்றி மெக்கானிக்கோடு டென்வர் பேசியிருக்கிறார். பிடி எட்டவில்லை என்று குறடு மாட்டியும் பார்த்திருக்கிறார்கள். டாங்கியில் பெட்ரோல் குறைவு. பறந்துகொண்டிருக்கும்போது வால்வைத் திருப்பத் திரும்பியவரின் கால், திசைமாற்றும் பெடலை அழுத்திவிட்டதாக விசாரணையில் முடிவு கட்டினார்கள். விமானம் புரண்டு கடலில் விழுந்தது. அவருக்கு வயது 53. பறப்பதற்கான மருத்துவச் சான்றும் அவரிடம் செல்லுபடியாக இல்லை.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. அந்த விமானத்துக்கு நம்பர் இருந்தது. காகிதம் இருந்தது. பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்களும் இருந்தார்கள். சொந்தமாகக் கட்டுகிறவர் இப்படி மாற்றக்கூடாது என்று அங்கே விதி இல்லை. அவ்வளவுதான். நம்பர் பிளேட் பெட்ரோல் வால்வை இடம் மாற்றி வைக்காது!

கட்டும்போதே எட்டிப் பார்க்கும் இன்ஸ்பெக்டர்

அதனால்தான் சில நாடுகளில் கட்டி முடித்த பிறகு பார்ப்பதோடு நிற்காமல் கட்டும்போதே பார்க்கிறார்கள். இங்கிலாந்து அதில் கெட்டி.

கேரளத்து ஆலப்புழாக்காரர் அசோக் தாமரக்ஷன். இங்கிலாந்தில் எஞ்சினியர். கொரோனா ஊரடங்கில் ஜனமெல்லாம் வீட்டில் அடைந்து கிடந்தபோது இவர் விமானம் கட்டினார். தென்னாப்பிரிக்காவின் "ஸ்லிங்" கம்பெனியிடம் வரைபடமும் உதிரிகளும் சேர்ந்த கிட் வாங்கி, சுமார் ஒன்றரை வருஷத்தில் நாலு பேர் போகும் விமானத்தை முடித்தார். நம் காசுக்குச் சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய். 2022-ல் பறந்தது. இங்கிலாந்து விமான நம்பர் "ஜி" என்று தொடங்கி நாலு எழுத்து வரும். அவர் கேட்டு வாங்கிய நாலு எழுத்து, சின்ன மகள் பெயர்: தியா. குடும்பத்தோடு அதில் வெளிநாட்டுக்கும் பறந்துவிட்டு வந்தார்.

அங்கே சங்கம் ஒன்று உண்டு. சர்க்கார் சார்பில் அந்தச் சங்கத்து இன்ஸ்பெக்டர்தான் வருவார். இறக்கையைத் தகடு போட்டு மூடுவதற்கு முன்னே உள்ளே எட்டிப் பார்ப்பார். சரி என்றால்தான் மூடலாம். வீடு கட்டும்போது கான்கிரீட் போடும் முன்னே கம்பி கட்டியதை மேஸ்திரி பார்ப்பதில்லையா, அந்த மாதிரி.

அமெரிக்காவில் கணக்கு வேறு மாதிரி. பாதிக்கு மேல் வேலையை நீயே செய்திருக்கணும், 51 சதவீதம் என்பார்கள். படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டினதாக இருக்கணும், விற்பதற்கு அல்ல. அதை நிரூபிக்க முதல் நாளிலிருந்து டைரி எழுதணும், போட்டோ எடுத்து ஒட்டணும், பில்லைப் பத்திரப்படுத்தணும். வரைபடத்திலிருந்து தானே கட்டியது என்று கையெழுத்துப் போட்ட உறுதிமொழி கொடுத்து நம்பர் வாங்கணும். தீயில் எரியாத தகட்டில் கட்டியவர் பெயரைப் பொறித்து விமானத்தில் அடிக்கணும். அதன் பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத பகுதியில் 25 மணி அல்லது 40 மணி நேரம் தனியாகப் பறந்து காட்டினால்தான் பக்கத்தில் ஒருவரை உட்கார வைக்கலாம். 1953-ல் தொடங்கிய கட்டுவோர் சங்கம் ஒன்று இதற்கெல்லாம் ஆலோசனை சொல்கிறது. பிரதமரைப் பார்க்கவேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை.

எறையூர்க்காரர் என்ன செய்வது?

சரி, எறையூர்க்காரர் ஒருவர் ஆசைப்பட்டே விட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவர் வாங்கவேண்டியது தகடும் அல்ல, எஞ்சினும் அல்ல. கட்ட நினைக்கும் விமானத்தின் பெயரை எழுதி டி.ஜி.சி.ஏ.விடம் கேட்கணும்: "இதை எந்த ரகத்தில் எடுத்துக்கொள்வீர்கள்?" சென்னையிலும் அவர்களுக்கு ஆபீஸ் உண்டு. பதிலை எழுத்தில் வாங்கணும். பணம் போட்டுவிட்டு, பிறகு கேட்டதுதான் பலருக்கு வினையாகப் போனது.

மைக்ரோலைட் என்ற லேசான ரகத்துக்குத் தனி விதி இருக்கிறது. இரண்டு பேருக்கு மேல் கூடாது. ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 450 கிலோவுக்குள் என்பது கணக்கு. ஆறு பேர் விமானத்தைவிட இந்த வழி சுருக்கம். கிட் வெளிநாட்டிலிருந்து வந்தால் இறக்குமதி அனுமதி, சுங்கம் இரண்டும் உண்டு. சொந்தக்காரர் பற்றிப் பாதுகாப்பு விசாரணையும் நடக்கும். போலீஸ் வீட்டுக்கு வந்து கேட்டால் பயப்படவேண்டாம். வராவிட்டால்தான் பைல் நகரவில்லை என்று அர்த்தம்!

ஓட்ட லைசென்ஸ் வேண்டும். தனியார் விமானி லைசென்சுக்கு 17 வயது, பத்தாம் வகுப்பு பாஸ், டாக்டர் சான்று, 40 மணி நேரப் பயிற்சி. இதில் பணம் தண்ணீராகச் செலவாகும்.

அப்புறம் ஓடுபாதை. கரும்புக் காட்டு வரப்பில் இறக்க முடியாது. ஆலை ரோட்டில் இறக்கினால் டிராக்டர்காரர்கள் விடமாட்டார்கள். தெற்கே திருச்சி விமான நிலையம், அதையும் தாண்டினால் தஞ்சாவூர் விமானப்படைத் தளம். 2020-லிருந்து சுகோய் போர் விமானப் படைப்பிரிவு அங்கே இருக்கிறது. அந்த வானத்தில் சொல்லாமல் ஒரு குட்டி விமானம் எழும்பினால் என்ன ஆகும் என்று விளக்கவேண்டியதில்லை. எங்கே பறக்கிறோம், எவ்வளவு உயரம் என்று முன்னாலேயே சொல்லி, சரி என்ற பிறகே எஞ்சினைத் தொடணும்.

இதெல்லாம் கேட்டு "எவன் கேட்கப் போறான், ராத்திரியிலே ஓட்டிப் பார்த்துடலாம்" என்று யாராவது நினைத்தால், யவத்மாலில் அந்த வாலிபரும் ராத்திரியில்தான் ஓட்டிப் பார்த்தார்.

பறந்ததா, இல்லையா?

மும்பை மொட்டை மாடி விமானம் கடைசியில் பறந்ததா என்று கேட்பவர்களுக்கு:

2018-ல் மகாராஷ்டிரா சர்க்கார் யாதவோடு ஒப்பந்தம் போட்டது. பால்கர் மாவட்டத்தில் நிலம் ஒதுக்கி விமானத் தொழிற்சாலையே வரப்போகிறது என்று பேப்பரில் தலைப்புச் செய்தி வந்தது. கோடிகளில் கணக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்கெல்லாம் காகிதத்தில் பறந்துகொண்டிருக்க, அசல் விமானம் தரையிலேயே நின்றது. 2019 அக்டோபரில்தான் சோதனைக்குப் பறக்கலாம் என்ற அனுமதி கையில் வந்தது. அதற்குள் அவர் வேலை பார்த்த ஜெட் ஏர்வேஸ் கம்பெனியே பறப்பதை நிறுத்தியிருந்தது!

2020-ல் மகாராஷ்டிராவின் துலே ஓடுதளத்துக்கு விமானத்தைக் கொண்டுபோனார்கள். முதலில் தரையில் ஓட்டம். பிறகு வேகம் கூட்டி ஓட்டம். அதன் பிறகு வி.டி. - என்.எம்.டி. எழும்பியது. பத்திரமாக இறங்கியது. மனுப் போட்ட நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் 9 வருஷம்.